அப்பா வண்டியில் ஒரு செட்டு

நான் என் கையாலேயே மாட்டிக்கொடுத்த ஒரு கார் செட்டால் எங்கப்பாவுக்கு ஒரு நாள் வாடகை போச்சு. வண்டி பேட்டரியும் போயிருக்கும், நல்லவேளை தப்பிச்சுது. இதெல்லாம் நடந்தது எனக்குத் தெரியவே மூணு வாரம் ஆச்சு. நான் இசிஇ மூன்றாம் ஆண்டு. இதைப் படிச்சுட்டு என்னைக் கலாய்க்கப் போறவங்க கொஞ்சம் பொறுங்க, உங்க வீட்டு வண்டியிலயும் நாளைக்கு நீங்க கை வைக்கத்தான் போறீங்க.

எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். மார்க்கெட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேரளாவுக்குப் போகிற காய்கறியில் ஒரு பெரிய பங்கு எங்க ஊர் வழியாகத்தான் போகிறது. அப்பா பிக்கப் ஓட்டுகிறார். சொந்த வண்டி, பழையது, கடன் போன வருஷம்தான் முடிந்தது. தோட்டங்களில் இருந்து முருங்கையும் தக்காளியும் ஏற்றி மண்டியில் இறக்குவார். சில நாள் மண்டியில் இருந்து ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு வரை போவார். பெரும்பாலும் ராத்திரி வேலை, பெரும்பாலும் தனியாக.

லோடு வண்டி வாங்கும்போது பெரும்பாலும் செட்டு எல்லாம் வராது. டேஷ்போர்டில் செட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியோ, பீடிக்கட்டும் சில்லறையும் போட்டுவைக்க ஒரு குழியோதான் இருக்கும். அப்பா போனில்தான் பாட்டு கேட்பார். போனை மீட்டருக்கு முன்னால் சாய்த்து வைத்திருப்பார். திருப்பத்தில் அது வழுக்கும், இவர் குனிந்து எடுப்பார். போன ஐப்பசியில் அப்படிக் குனிந்த நேரத்தில் எதிரில் வந்த லாரி இடதுகைப் பக்கம் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்திருக்கிறது. இவர் நிமிர்ந்து ஒடித்ததில் ஒரு புளியமரம் இடது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. "கண்ணாடிதான போச்சு சாமி" என்றார் போனில். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்ட எனக்குக் கண்ணாடி ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்த செமஸ்டரில் ஒரு சிம்போசியத்தில் எங்க டீமுக்குப் பரிசு கிடைத்தது. என் பங்கு 1,500 ரூபாய். கையில் இருந்ததையும் சேர்த்து ஒரு செட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். எஃப்.எம்., பென்டிரைவ், புளூடூத் மூன்றும் இருக்கிற சாதாரண செட்டுதான். "மாட்டித்தர ஆள் வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். இசிஇ படிக்கிறோம்ல.

செட்டுப் பெட்டியில் பெரிய எழுத்தில் "50 வாட்ஸ் x 4" என்று போட்டிருந்தது. இதை மட்டும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்போம். வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டர் கொடுப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்டேஜை வர்க்கப்படுத்தி ஓமால் வகுத்தால் 51.8 வாட்ஸ். பெட்டியில் இருக்கிற அந்த ஐம்பது இங்கேயிருந்துதான் வருகிறது! ஆனால் அது ஸ்பீக்கருக்கு முழு வோல்டேஜையும் சதுர அலையாகக் கொடுத்தால் வருவது. யாரும் சதுர அலையைப் பாட்டாகக் கேட்பதில்லை. ஒழுங்கான சைன் அலை என்றால் அதில் பாதி, 26. ஆம்ப்ளிஃபயருக்குள் போகிற நஷ்டத்தையும் கழித்தால் இருபதுக்குப் பக்கத்தில் நிற்கும். 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் வேண்டும் என்றால், வோல்டேஜை உள்ளேயே ஏற்றிக்கொள்கிற தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அடுத்த தடவை யாராவது கார் செட்டு வாட்ஸ் பற்றிப் பீத்திக்கொண்டால் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டுங்கள்.

டிசம்பர் லீவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். முதல் வேலை பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. ஏன் மைனஸ்? வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேர் ஷார்ட், ஸ்பேனரே பழுத்துவிடும். மைனஸைக் கழற்றும்போது பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது. இதை எனக்கு எந்த லேபிலும் சொல்லித்தரவில்லை, யோசித்தால் நமக்கே வருகிற விஷயம்தான்.

பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே 182 மில்லிமீட்டர் அகலம், 53 உயரத்தில் ஒரு ஓட்டை. இந்த அளவில் வருகிற செட்டு எந்த ஊருடையதாக இருந்தாலும் இந்த ஓட்டையில் உட்காரும். ஜெர்மனிக்காரர்கள் கொண்டுவந்த அளவு இது, அதனால்தான் 'சிங்கிள் டின்' என்று சொல்கிறோம். செட்டோடு வருகிற தகரக் கூட்டை முதலில் உள்ளே செருகி, அதன் காதுகளை ஸ்குரூ டிரைவரால் மடக்கிவிட்டால் கூடு பிடித்துக்கொள்ளும். செட்டு அதற்குள் 'டக்'கென்று போய் உட்காரும்.

அடுத்தது வயர். செட்டுப் பக்கத்து கப்ளரில் வருகிற நிறங்கள் ஏறக்குறைய எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான். மஞ்சள் என்றால் பேட்டரியில் இருந்து எப்போதும் வருகிற லைன், செட்டின் ஞாபகத்துக்கு. சிவப்பு, சாவி போட்டால் வருகிற லைன். கறுப்பு எர்த். வெள்ளை இடது முன் ஸ்பீக்கர், சாம்பல் வலது முன். பச்சையும் ஊதாவும் பின்பக்கத்துக்கு, லோடு வண்டியில் பின்பக்கம் முருங்கைக்காய்தான் இருக்கும் என்பதால் அவற்றைச் சுருட்டி டேப் அடித்துவிட்டேன். நீலம் பவர் ஆன்டெனாவுக்கு. ஸ்பீக்கர் வயரின் மைனஸில் மட்டும் கறுப்புக் கோடு ஓடும். அந்த மைனஸை யாரும் எர்த்தில் கொடுத்துவிடாதீர்கள். இந்தச் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்ப்ளிஃபயர் ஓட்டுகிறது, இரண்டிலும் ஆறு வோல்ட் வாக்கில் நிற்கும். எர்த்தில் தொட்டால் ஐ.சி. போய்விடும்.

ஆனால் வண்டிப் பக்கத்து வயருக்கு இந்த நிற விதி கிடையாது. அங்கே சிவப்பு எதுவாகவும் இருக்கலாம். அதிலும் எங்க வண்டியில் இதற்கு முந்தின ஓனர் காலத்தில் யார் யாரோ கை வைத்திருந்தார்கள், ஒரே வயர் பாதி வழியில் பச்சையாக மாறுகிறது! அதனால் மைனஸைத் திரும்ப மாட்டி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாவி இல்லாமலே 12 காட்டுவது டைரக்ட். சாவி போட்டால் மட்டும் காட்டுவது கீ லைன். ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் தெரியவில்லை என்றால் ஒரு ஒன்றரை வோல்ட் பென் டார்ச் செல்லைத் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்டதுதான் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இதுவரை எல்லாமே சரியாகத்தான் செய்தேன். பெருமையாகவே சொல்கிறேன்.

அப்பா டீ கொண்டுவந்தார். "சாவி இல்லாமப் பாடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண்டியில் லோடு ஏற மூணு மணி நேரம், நாலு மணி நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் சாவியை வண்டியில் விடமாட்டார், இடுப்பில்தான் இருக்கும். பாட்டு வேண்டியதே அந்த நேரத்துக்குத்தான்.

நான் யோசிக்கவே இல்லை. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டைரக்ட் லைனில் கொடுத்துவிட்டேன். இது நான் கண்டுபிடித்தது இல்லை, ரோட்டில் ஓடுகிற பாதி லோடு வண்டியில் இப்படித்தான் இருக்கும். செட்டில்தான் பவர் பட்டன் இருக்கிறதே, அழுத்தினால் நின்றுவிடப் போகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்தேன். ஃபியூஸ் செட்டைக் காப்பாற்றுவதற்கு இல்லை, வயர் பத்திக்கொள்ளாமல் இருப்பதற்கு. அதனால் அது பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

முதல் ஓட்டத்தில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க சுருதி ஏறுகிறது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் அது ஆல்டர்நேட்டர்தான். எர்த்தை நான் பெயின்ட் அடித்த ஒரு கம்பியில் கொடுத்திருந்தேன். பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிகிற இடத்தில் திரும்ப முறுக்கினேன். சத்தம் காணோம். எனக்கு அன்று நாலு வருஷப் படிப்பும் முடிந்த மாதிரி இருந்தது.

ஆன்டெனா கம்பி 75 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு. 100.5-இல் வைத்ததும் கோடை பண்பலை கண்ணாடி மாதிரி விழுந்தது. எங்க பக்கம் எல்லார் வீட்டிலும் அதுதான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செகண்ட் இயரில் படித்தோமே, உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கும் சூத்திரம், போட்டுப் பாருங்கள்: 189 கிலோமீட்டர் வருகிறது. நான் சூத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது அப்பா வால்யூமைக் கூட்டினார்.

எங்க வீட்டு அலமாரியில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது. தாத்தா வாங்கியது. தினம் காலையில் ஆறு மணிக்கு அப்பா அதன் வால்யூம் குமிழைத் திருகுவார், 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும், பிறகு ரேடியோ பாடும். நிறுத்தும்போது திருகிக்கொண்டே வந்தால் கடைசியில் மறுபடி 'டொக்'. வால்யூமும் சுவிட்சும் ஒரே குமிழில். என்னைத் தூக்கத்தில் இருந்து எழுப்புவது அந்தச் சத்தம்தான், பிறந்ததில் இருந்து. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பது உங்களில் கொஞ்சம் பேருக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஜனவரியில் காலேஜுக்குத் திரும்பிவிட்டேன். போன் பண்ணும்போதெல்லாம் "செட்டு எப்படிப்பா இருக்கு?" என்பேன். "அருமையாப் பாடுது சாமி" என்பார். தை மாதத்தில் கரூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் என்றார், போய்வந்தோம் என்றார். இன்டர்னல் டெஸ்ட் முடிந்து மூணு வாரம் கழித்து ஊருக்கு வந்தேன். வண்டியில் ஏறினால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்சு, அதில் சிவப்பாக ஒரு லைட்டு. நான் வைத்தது இல்லை.

"இது என்னப்பா?"

"சும்மா, ஒரு சுவிட்சு போட்டேன்."

அப்பாவிடம் இருந்து அதற்கு மேல் வராது. பைபாஸில் இருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணனிடம் போனேன். ஏழாவது வரை படித்தவர், அந்த ஏரியாவில் முக்கால்வாசி லோடு வண்டிக்கு அவர்தான் வயரிங்.

"வா தம்பி. நீதான் அந்த செட்டு மாட்டினதா? எர்த்து நல்லாப் பிடிச்சிருந்த" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்கப்பா பட்டனத் தொடறதே இல்ல தம்பி. வால்யூமத் திருகி சைபர்ல வெச்சுட்டு இறங்கிடறாரு. சத்தம் இல்லைன்னா நின்னுபோச்சுன்னு நெனச்சுட்டாரு. உள்ள செட்டு ஓடிட்டேதான் இருந்திருக்கு."

தினமும் வண்டி ஓடுகிற வரைக்கும் ஆல்டர்நேட்டர் ஈடுகட்டிவிட்டது. கல்யாணத்துக்குக் கரூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை வீட்டில் நிறுத்தினது, திங்கள் அதிகாலை ரெண்டு மணிக்கு முருங்கை லோடுக்கு எடுக்கப் போயிருக்கிறார். செல்ஃப் 'டிக், டிக்' என்று மட்டும் அடித்திருக்கிறது. அந்த நேரத்தில் தள்ள யாரை எழுப்புவது? அம்மாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், எங்க சந்து ஏற்றம், வண்டி அசையவில்லை. தோட்டத்தில் காய் பறித்துக் கட்டி வைத்துக்கொண்டு ஏவாரி நிற்கிறார். நாலு மணிக்கு அவர் வேறு வண்டி கூப்பிட்டுக்கொண்டார். வாடகை 2,800 ரூபாய். அந்த வாரம் முழுக்க அந்த வேறு வண்டிதான் ஓடியிருக்கிறது.

இவ்வளவையும் எனக்கு அந்த அண்ணன் சொல்கிறார். அப்பா போனில் "அருமையாப் பாடுது சாமி" என்று சொன்னது அதே திங்கட்கிழமை ராத்திரி. நான் என் கால் லாகை எடுத்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரி மைனஸுக்கும் அதன் வயருக்கும் நடுவில் தொடராக மாட்டினேன். புது சுவிட்சைப் போட்டு, செட்டில் வால்யூம் சைபர். 0.7 ஆம்பியர். வெள்ளி ஆறில் இருந்து திங்கள் ரெண்டு வரை 56 மணி நேரம். பெருக்கினால் 39 ஆம்பியர்-மணி. பேட்டரி ஸ்டிக்கரில் 65 என்று போட்டிருக்கிறது, ஆனால் அதற்கு வயது மூணு வருஷம். குளிர்ந்து கிடக்கிற டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், மிச்சம் இருந்தது அதற்குப் போதவில்லை. இந்தக் கணக்கை நான் டிசம்பரிலேயே வேப்பமரத்தடியில் போட்டிருக்கலாம். மீட்டர் கையில்தான் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை.

வால்யூம் சைபர் என்றால் செட்டு சும்மா இருக்கும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். டிஸ்பிளே எரிகிறது, பென்டிரைவ் ஓடுகிறது, ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. தயார் நிலையில் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத கேபினில், பூட்டின வண்டிக்குள், 56 மணி நேரம் இளையராஜா சத்தமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னிடம் செட்டோடு வந்த வயரிங் படம் இருந்தது. மீட்டர் இருந்தது. அப்பா ஒரு ரேடியோவை எப்படி நிறுத்துவார் என்பதும் இருபது வருஷமாகத் தினம் காலையில் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணன் செய்தது சின்ன வேலை. மஞ்சளை டைரக்ட்டிலேயே விட்டுவிட்டு, சிவப்பைப் பிரித்து அந்த சுவிட்சு வழியாகக் கொண்டுபோனார். நான் முறுக்கி டேப் அடித்த இடங்களை எல்லாம் வெட்டிவிட்டு லக் வைத்து அமுக்கியிருந்தார். "லோடு வண்டி ஆடற ஆட்டத்துக்கு முறுக்கு நிக்காது தம்பி. பத்தவெச்சாலும் பத்தவெச்ச எடத்துக்குப் பக்கத்துலயே ஒடியும்." சுவிட்சை அணைத்து மறுபடி அளந்தேன். 6 மில்லிஆம்பியர். இப்படியே போனால் வண்டி மாதக்கணக்கில் நின்றாலும் செட்டால் பேட்டரி தீராது. சாவி கூட வேண்டாம், அப்பா கேட்டபடியே.

லைட்டு வைத்த சுவிட்சு ஏன் என்று கேட்டேன். சத்தமில்லாத சுவிட்சும் கடையில் இருந்ததாம், விலையும் குறைவாம். "அவருக்கு டொக்குன்னு கேக்கணும் தம்பி" என்றார். காசு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை, அப்பா வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தாராம்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"உனக்குப் பரீட்சை நடந்துச்சுல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பட்டனு எதுன்னு நாந்தான் கேட்டிருக்கணும்" என்றார். அம்மா எனக்கு இன்னொரு தோசை போட்டாள். நான் நிமிரவில்லை.

மறுநாள் ராத்திரி அவரோடு பாலக்காடு லோடுக்குப் போனேன். சின்ன வெங்காயம். பழனி தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவே இல்லை, பென்டிரைவ் பாடிக்கொண்டு வந்தது. போன் அவர் சட்டைப்பையில் இருந்தது, ஒரு தடவைகூட எடுக்கவில்லை. உடுமலை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் செருகினார். வால்யூமைத் திருகி சைபருக்குக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் நின்று, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டார்.

'டொக்.'

சிவப்பு லைட்டு அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "எறங்கு சாமி, டீ குடிக்கலாம்" என்றார்.